நீலகிரியில் ஊற்று தேடிய வாரம்

ஜனவரி 21, செவ்வாய் – கோத்தகிரி

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது நல்ல வெயில். குஞ்சப்பனை தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் ஒவ்வொருவராக ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தார்கள். பக்கத்து சீட்டு அம்மா என் தலையைப் பார்த்தார். "காதைக் கட்டிக்கப்பா, பனி இறங்கிடும்" என்று பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். கோத்தகிரியில் இறங்கும்போது திருப்பிக் கொடுத்தேன். "ஊட்டிக்குத்தானே போற, வச்சுக்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டார்.

நான் வந்தது ஆய்வாளர் அக்கா ஒருவருக்கு உதவியாக. மலைக் கிராமங்களில் உள்ள ஊற்றுகள், சதுப்புகள், விலங்குகள் கடக்கும் தடங்கள் ஆகியவற்றை ஊர்க்காரர்களோடு நடந்து நடந்து வரைபடத்தில் குறிப்பது அவர் வேலை. படம் எடுப்பதும் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு. மலைக்கான பாதுகாப்புத் திட்டம் என்றால் அலுவலக மேசையில் கோடு போடுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று மண்ணில் கால் வைத்துத் தேடுகிறவர்களோடு சில நாள் இருக்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பையை அறையில் போட்டுவிட்டு நேரே லாங்வுட் சோலைக்குப் போனோம். சுற்றிலும் தேயிலைத் தோட்டம், வீடுகள், ரோடு. நடுவில் 116 ஹெக்டேர் காடு. 2024-இல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கீழே இருக்கும் பல கிராமங்களுக்கு இதுதான் தண்ணீர்த் தொட்டி. உள்ளே கால் வைத்ததும் குளிர் மாறியது. மரங்கள் அவ்வளவு உயரமில்லை, ஆனால் உச்சியில் இலைகள் நெருக்கமாகக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. கிளையெல்லாம் பாசி. இளந்தளிர்கள் செக்கச் சிவப்பு. மழை பெய்து பல நாள் ஆகியும் மண் ஈரமாகவே இருந்தது.

கூட வந்த காவலர் ஒரு முழ உயரச் செடி ஒன்றைப் பிடுங்கி இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டினார். கெட்ட வாடை. செஸ்ட்ரம் என்ற அயல் செடி. பழத்தைப் பறவை தின்று விதையை எங்கெங்கோ போட்டுவிடுகிறது. "பெரிசாயிட்டா அடியில ஒரு நாட்டுக்கன்னும் வராதுங்க. சின்னதிலயே புடுங்கிடணும். போன மாசம் இதே இடத்தைச் சுத்தம் பண்ணேன்" என்றார். பேசிக்கொண்டே கைக்கு எட்டியதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு நடந்தார்.

கடைவீதியில் டீ 15 ரூபாய், வர்க்கி கால் கிலோ 60. வர்க்கியை டீயில் நனைக்காமல் தின்றதைப் பார்த்து கடைக்காரர் வருத்தப்பட்டார்.

ஜனவரி 22, புதன் – உதகை

இன்று முழுக்க ஒரு கலந்தாய்வு. வனத்துறை ஆட்கள், ஆய்வு மாணவர்கள், சிறு தேயிலை விவசாயிகள், பழங்குடி இளைஞர்கள் என்று முப்பது பேர் இருக்கும். நடு மேசையில் பெரிய வரைபடம். பச்சையும் பழுப்புமாக நீலகிரி மாவட்டம் அச்சாகியிருக்க, மேற்கே முக்கூர்த்தியைத் தாண்டியதும் வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைக்குள்தான் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் நிலம்பூர்க் காடுகளும் இருக்கின்றன. வடக்கே முதுமலை முடியும் இடத்தில் பந்திப்பூர் இல்லை. அங்கும் வெள்ளை.

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே முதலாவது. 5,520 சதுர கிலோமீட்டர், மூன்று மாநிலங்கள். ஒரே நிலமாகப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் எல்லைக்கு அப்பால் வெள்ளையாக விட்ட படத்தை வைத்துக்கொண்டு திட்டம் பேசுகிறோம் என்பது எனக்கு உறுத்தியது. வரையாட்டுக்கும் யானைக்கும் அந்த எல்லை தெரியாது. ஓடைக்கும் தெரியாது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மாதவ் காட்கில் குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. மலை முழுவதையும் மூன்று தர மண்டலங்களாகப் பிரித்து, எங்கே என்ன செய்யலாம் என்பதைக் கிராம சபைகளில் பேசி முடிவெடுக்கச் சொன்னது. அதை எதிர்த்துக் கூச்சல் எழுந்தது. அப்புறம் கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் பரப்பைச் சுருக்கி, சுமார் 37 விழுக்காட்டைச் சூழல் உணர்திறன் மிக்க பகுதி என்றது. 2014-இலிருந்து வரைவு அறிவிக்கை மேல் வரைவு அறிவிக்கை. ஆறாவது வரைவு வந்த தேதி 2024 ஜூலை 31. அதற்கு முந்தைய நாள் அதிகாலையில்தான் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. இதை ஒரு மாணவி சொன்னபோது அறையில் யாரும் பேசவில்லை.

மதியத்துக்கு மேல் பேசிய ஒரு படுகர் விவசாயி சொன்னதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன். "மலையைக் காப்பாத்த வேணாம்னு எங்கள்ல யாரும் சொல்லல. பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியான விலை இல்ல. இதுல கோடு போட்டா வீடு கட்ட விடமாட்டாங்க, காட்டை விட்டுத் தொரத்திடுவாங்கன்னு எவனாவது வந்து கிளப்பி விடுறான். நாங்க எதை நம்புறது? எங்க பாஷையில ஒரு காகிதம் குடுத்தீங்களா?" அவர் கேட்டது நியாயம். வளர்ச்சித் திட்டம், மாஸ்டர் பிளான், 1990-இல் வந்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் என்று இந்த மாவட்டத்தில் விதிகளுக்குக் குறைவில்லை. படிவமும் தடையும் ஊர்வரை வந்து சேர்ந்தன, காரணம் வந்து சேரவில்லை.

குடிதண்ணீர் பாட்டில் இங்கே விற்கக் கூடாது. தெருமுனை இயந்திரத்தில் லிட்டர் 5 ரூபாய். நல்ல ஏற்பாடு. இரவு விறைத்துப்போய் ஒரு கடையில் சுடச்சுட தோசை சாப்பிட்டோம். கை விரல்களைத் தோசைக்கல் பக்கம் நீட்டியபோது மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி இடம்விட்டார்.

ஜனவரி 23, வியாழன் – தலைகுந்தா, பைக்காரா பக்கம்

அக்கா விடியுமுன் எழுப்பிவிட்டார். தலைகுந்தாவில் இறங்கியபோது பள்ளத்துப் புல்வெளி முழுக்க உறைபனி. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் உப்புக்கல் அளவில் பனிக்கட்டிகள் வரிசையாகப் படிந்திருந்தன. விரலால் நீவினால் சரசரவென்று உதிர்ந்தன. போன் சார்ஜ் பாதி இருந்தும் குளிரில் அணைந்துவிட்டது. பின்பு படம் எதுவும் எடுக்க முடியவில்லை, எல்லாம் கண்ணால் பார்த்ததோடு சரி.

அக்கா இரண்டு இடங்களில் சின்ன வெப்பமானிகளை வைத்திருக்கிறார். ஒன்று திறந்த புல்வெளியில், இன்னொன்று நூறடி தள்ளிச் சோலைக்குள். புல்வெளியில் பூஜ்யத்துக்குக் கீழே, சோலைக்குள் பல டிகிரி கூடுதல். இந்த வித்தியாசத்தில்தான் மலையின் கதை இருக்கிறது. சோலை மரத்தின் கன்று வெட்டவெளியில் முளைத்தால் இந்தப் பனியில் கருகிவிடும். அதனால்தான் மடிப்புகளில் சோலையும் முகடுகளில் புல்லுமாக இரண்டும் அருகருகே காலங்காலமாக நிற்கின்றன. உறைபனிதான் இந்தச் சமநிலையைக் காக்கிறது என்று 2020-இல் வெளியான ஆய்வும் சொல்கிறது. வெளியிலிருந்து வந்த சீகை மரம் (வாட்டில்) இந்தக் குளிரைத் தாங்கிக்கொள்கிறது, பூமி சூடாகிப் பனி இரவுகள் குறைந்தால் அது இன்னும் வேகமாகப் பரவும் என்பது அதே ஆய்வின் எச்சரிக்கை.

வெள்ளைக்காரர்கள் வந்தபோது இந்தப் புல்வெளியைப் பார்த்து வெற்று நிலம் என்றார்கள். மரம் இல்லாத இடமெல்லாம் யாரோ காட்டை அழித்த இடம் என்ற எண்ணம் சுதந்திரத்துக்குப் பிறகும் போகவில்லை. தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை, விறகுக்கும் எண்ணெய்க்கும் மரக்கூழுக்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), அப்புறம் பைன் என்று முகடு முகடாக நட்டார்கள். ஆனால் ராமன் சுகுமாரும் அவரது சக ஆய்வாளர்களும் இங்குள்ள சதுப்பு மண்ணை அடுக்கடுக்காகச் சோதித்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு, இருபதாயிரம் வருடக் கதையை எடுத்து வைத்தது. மனிதன் கோடரி எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே இங்கே புல் இருந்தது. மரம் நடுவது எங்கேயும் நல்லது என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த நம்பிக்கையோடு இந்தப் பள்ளத்தில் நிற்பது சங்கடமாக இருந்தது.

தண்ணீர்க் கணக்கு இதைவிடக் கனமானது. உதகையில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1968-இலிருந்து கிளென்மார்கனில் அக்கம்பக்கத்து நீர்ப்பிடிப்புகள் இரண்டை ஒப்பிட்டது. ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டு, மற்றதில் 59 விழுக்காடு இடத்தில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடை நீர் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் துளிர்த்த இரண்டாவது சுற்றில் 25 விழுக்காடு. பவானிக்கும் மாயாற்றுக்கும் போகிற தண்ணீர் இது. கீழே ஈரோட்டில் மஞ்சளுக்கு நீர் பாய்ச்சுகிறவருக்கும் இந்த முகட்டில் என்ன முளைக்கிறது என்பதில் பங்கு உண்டு.

பத்து மணிக்கு மேல் பைக்காரா பக்கம் ஒரு சரிவில் புல் நடும் இடத்துக்குப் போனோம். சீகையை வெட்டி எடுத்தபின் விட்டுவிட முடியாது. மண்ணுக்குள் அதன் விதை வருடக்கணக்கில் காத்திருக்கிறது, வெயில் பட்டதும் கும்பலாக முளைக்கிறது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டே வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நாட்டுப்புல் தூரைக் கையால் பிரித்தார்கள். ஒரு தூரிலிருந்து ஐந்தாறு பிரிகள். வேரை ஒரு சாண் விட்டு, மேல்புல்லைக் கத்தரித்து, கம்பியால் குழி போட்டு, கால் பெருவிரலால் அழுத்தி மூடினார்கள். நானும் கொஞ்ச நேரம் செய்தேன். இடுப்பு விட்டுப்போனது. பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர், "மெதுவா செய்ங்க தம்பி, புல்லு எங்கயும் ஓடிராது" என்று டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்துக் கொடுத்தார்.

1972-க்கும் 2017-க்கும் இடையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளில் 23 விழுக்காட்டை அயல் மரங்கள் விழுங்கிவிட்டன என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு நாளில் அந்தப் பெண்கள் நடும் பரப்பைக் கண்ணால் பார்த்தவனுக்கு அந்த எண் வேறு மாதிரி தெரியும். மிச்சமிருக்கும் புல்வெளியை முதலில் காப்பாற்றவேண்டும், நடுவது அதற்கு அடுத்துதான். நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னப் பறவைக்கு இந்தப் புல்லை விட்டால் வேறு வீடு கிடையாது. அதே சரிவில் ஒன்று எங்களுக்கு முன்னால் எழுந்து பறந்து மறுபடி புல்லில் இறங்கியது.

மாலையில் ஒரு மந்து, அதாவது தோடர் பழங்குடிக் குடியிருப்பு. தள்ளி இருக்கும் கோயிலைக் காட்டி, "அந்தப் பக்கம் போகவேண்டாம், இங்க உட்காருங்க" என்று முதலிலேயே தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். வளைந்த கூரையைத் தூரத்திலிருந்தே பார்த்தோம். எருமைப்பால் டீ கெட்டியாக இருந்தது. வீட்டுப் பெரியவர் சொன்னார்: கூரை வேயும் புல் சதுப்பில்தான் வளரும், சதுப்பு காய்ந்தும் தோட்டமாகியும் போனதால் இப்போது புல் தேடி ரொம்ப தூரம் போகவேண்டியிருக்கிறது. எருமைகளும் குறைந்துவிட்டன. எந்தச் சதுப்பில் இன்னும் அந்தப் புல் இருக்கிறது என்று அக்கா கேட்க, அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட நேற்றைய வரைபடத்தில் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி – மசினகுடி

கல்லட்டி வழியாக இறங்கினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் நாங்கள் எடுத்தது கோவைப் பதிவெண் வண்டி. வெளி வண்டி இறங்கக் கூடாது என்று சோதனைச் சாவடியில் திருப்பிவிட்டார்கள். அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில் நடந்த விபத்துகளைக் கேட்டால் அந்த விதி சரிதான். கூடலூர் சுற்றிப் போனதில் பாதி நாளும் வண்டிக்குக் கூடுதலாக 1,200 ரூபாயும் போயின.

முதுமலைக்குள் இறங்கியதும் காய்ந்த காடு, உச்சி வெயில். காலையில் போட்ட ஸ்வெட்டர் மடியில். ரோட்டின் இரு பக்கமும் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. மானுக்கும் யானைக்கும் வேண்டிய புல் அதன் அடியில் முளைப்பதில்லை. இதன் தண்டை வேகவைத்து, தோலுரித்து, வளைத்து ஆளுயர யானைச் சிற்பங்கள் செய்யும் பழங்குடிக் கலைஞர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலை யானைகள் கிழக்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிற வாசல் சீகூர்ப் பீடபூமி. ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் மாயாற்றின் ஆழமான பள்ளம். நடுவில் குறுகிய நிலம். அந்த நிலத்தில்தான் விடுதிகள் எழும்பின. 2010-இல் அரசு யானை வழித்தடமாக அறிவிக்க, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. வேலி போட்ட, மூடிக்கிடக்கும் கட்டடங்களை இன்று வழியில் பார்த்தோம்.

மசினகுடியில் மதியச் சாப்பாடு 120 ரூபாய். மீன் குழம்பு காரம், ஆனால் நல்ல ருசி. பரிமாறியவர் விடுதி ஒன்றில் வேலை பார்த்தவர். "யானைக்கு வழி வேணும், ஒத்துக்கறேன். எங்களுக்கு என்ன வழின்னும் அதே காகிதத்துல எழுதியிருக்கலாம்" என்றார். திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் இந்த ஓட்டலில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும்போது தெப்பக்காடு தாண்டி ஒரு தாய் யானையும் குட்டியும் ரோட்டோரம். ஓட்டுநர் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் வந்த ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் இறங்கிப் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார், சத்தம் நின்றது. நாங்கள் நகர அரை மணிக்கு மேல் ஆனது.

ஜனவரி 25, சனி – குந்தா பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்)

காலையிலிருந்து நடை. ஊர்ப்பெண்மணி ஒருவர் முன்னால், நாங்கள் பின்னால். முதல் ஊற்று தேயிலைக்கு நடுவே கல் கட்டிய சின்னத் தொட்டி, ஓரமெல்லாம் பெரணி. இரண்டாவது வற்றிவிட்டது. அதற்கு மேலே இருந்த சதுப்பை யாரோ வாங்கி மண் கொட்டி மேடாக்கி, காட்டேஜுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். "இங்கதான் எங்க மாமியார் கன்னுக்குட்டியை மேய விடாது, முங்கிப் போயிரும்னு" என்று அந்த மேட்டைக் காட்டினார். நிலப்பத்திரத்தில் அது மனை. கோடை முழுக்க ஊற்றுக்கு நீர் விட்ட சதுப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று எந்தச் சரிவு வழிந்தது, எந்தச் சரிவு நின்றது என்று அவர் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். சோலை மிச்சமிருந்த மடிப்புக்குக் கீழே இருந்த வீடுகள் தப்பின என்றார். அக்கா ஒவ்வொன்றையும் படத்தில் குறித்தார்.

அந்த ஊர்ப்பெண்மணி வீட்டிலேயே சாப்பாடு. ராகிக் களி, அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, நெய். வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பே தரவில்லை. காசு கொடுக்கப் பார்த்தபோது முகம் மாறிவிட்டது. அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கிளம்பும்போது ஒரு பை கேரட் கையில் திணித்தார்.

ஜனவரி 26, ஞாயிறு – கிராம சபை

சமுதாயக் கூடத்தில் எழுபது எண்பது பேர். குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் முடிந்தபின் அக்காவின் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். இது தமிழில் எழுதிய படம், ஊர்க்காரர்கள் சொன்ன பெயர்களோடு. முதலில் யாரும் கிட்டே வரவில்லை. ஒரு தாத்தா எழுந்து வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்த ஓடை இப்படித் திரும்பாது, எங்க வயலுக்கு மேல போயிட்டு வரும்" என்று பென்சிலை வாங்கித் திருத்தினார். அப்புறம் கூட்டமாக வந்துவிட்டார்கள். காட்டெருமை வருகிற வழி, பழைய மயானப் பாதை, 2009-இல் மண் சரிந்த இடம் என்று ஆளுக்கொன்று.

சலசலப்பும் இருந்தது. "படத்துல ஏத்திட்டா நாளைக்கு வீடு கட்ட ஆர்டர் கிடைக்காதே?" என்று ஒரு இளைஞர் கேட்டார். அக்கா மழுப்பவில்லை. "சதுப்புக்கு மேல கட்ட முடியாமப் போகலாம். மத்த இடத்துக்கு இது தடை இல்ல. எந்த இடம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அதன்மேல் நெடுநேரம் வாதம் போனது. ஒரு சதுப்பைப் படத்திலிருந்து எடுக்கவேண்டும் என்று அதன் சொந்தக்காரர் பிடிவாதமாக நின்றார். கடைசிவரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு விட்டிருக்கிறோம், அடுத்த சபையில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊர் எல்லைக்குள் உள்ள ஊற்றுகளையும் சதுப்புகளையும் ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். நேற்று எங்களுக்குச் சோறு போட்டவர் எழுந்து, வற்றிப்போன இரண்டாவது ஊற்றையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். தண்ணீரே இல்லையே என்றார் செயலாளர். "இருந்துச்சுன்னு எழுதுங்க" என்றார் அவர். எழுதினார்கள், அவரும் கையெழுத்துப் போட்டார்.